மோசே செய்த சர்ப்பம்

திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியிலே, செம்மணல் தேரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பனங்காட்டு ஊர்களில் பிறந்த கிறிஸ்தவர் எவரைக் கேட்டாலும், தம்முடைய பாட்டனாரோ பூட்டனாரோ இன்ன மிஷனெரி ஐயர் காலத்தில், இன்ன உபதேசியார் சொல்லக் கேட்டு, இன்ன இடத்தில் ஞானஸ்நானம் பெற்று வேதத்துக்கு வந்தார் என்று ஒரு குடும்ப விருத்தாந்தத்தைத் தடையின்றிச் சொல்லுவார். அவ்விருத்தாந்தங்களில் கற்பனை கலந்திருக்கக்கூடும். எனினும் அவற்றின் அடியிலுள்ள சரித்திரம் மெய்யானது. 1799-ஆம் ஆண்டில் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார், புதிய விசுவாசத்தினிமித்தம் சொந்த ஊரில் குடியிருக்க மாட்டாமற்போன சில குடும்பங்களைச் சேர்த்துச் சாத்தான்குளத்துக்கு அருகே முதலூர் என்ற கிராமத்தை உண்டாக்கினார். அடுத்து வந்த 1802, 1803-ஆம் ஆண்டுகளில் அந்தப் பனங்காடுகளில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர். ஊர் முழுதும் ஒருமித்து வந்த சில இடங்களில், அதுவரை கொடைவிழா நடந்துவந்த சிறு கோயில்களே ஜெபவீடுகளாக மாறின.

எங்கள் பூட்டனார் அதற்குப் பிற்பட்டவர். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838-இல் அங்கேயே காலமான ரேனியஸ் ஐயரின் காலத்தவர். அவர் தம் வீட்டுக் கொல்லையிலிருந்த மண் பீடத்தைத் தாமே மண்வெட்டியால் வெட்டிச் சமன்செய்து, அந்த இடத்தில் பதனீர் காய்ச்சும் அடுப்பைக் கட்டினார் என்பது எங்கள் வீட்டு விருத்தாந்தம். கிறிஸ்துமஸ் இரவில் உறவினரெல்லாம் கூடியிருக்கையில் தாத்தா இதைச் சொல்லத் தொடங்கினால், சிறுவர்களாகிய நாங்கள் எத்தனையோ முறை கேட்டிருந்தும் வாய் பிளந்து கேட்டிருப்போம். மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியராயிருந்த என் தந்தையாரும் மரியாதையோடு கேட்டிருப்பார். ஆனால் அந்தக் கதையை வைத்துக்கொண்டு அண்டை வீட்டாரின் வழிபாட்டை நாங்கள் இழித்துப் பேச ஒருபோதும் அவர் இடங்கொடுத்ததில்லை. பத்துக் கற்பனைகளில் முதலாவது, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட ஜனத்துக்குக் கடவுள் சொன்னது. மீட்கப்பட்டோம் என்று சொல்லிக்கொள்கிறவன் அதைத் தன் வீட்டு வாசலுக்கு உள்ளே வைத்துப் படிக்க வேண்டுமேயன்றி வேலிக்கு அப்பால் வீசலாகாது என்பது அவருடைய திடமான அபிப்பிராயம்.

வேதாகமத்திலே அவர் அடிக்கடி எடுத்து வாசித்த பகுதி ஒன்று உண்டு. சபையில் எந்தப் பிரசங்கியாரும் அதைப் பொருளாகக் கொண்டு பேசி நான் கேட்டதில்லை. ஆகவே அது எங்கள் வீட்டுக்கே உரியது போல எனக்கு மனத்தில் பதிந்துவிட்டது. இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் பதினெட்டாம் அதிகாரத்தின் தொடக்கம் அது. எசேக்கியா ராஜா பட்டத்துக்கு வந்ததும் மேடைகளை அகற்றினான், சிலைகளைத் தகர்த்தான், தோப்புகளை வெட்டினான் என்று சொல்லிவரும் அந்த வாக்கியம், மோசே பண்ணியிருந்த வெண்கலச் சர்ப்பத்தையும் அவன் உடைத்துப்போட்டான் என்று முடிகிறது. ஏனெனில் அந்நாள் வரையில் இஸ்ரவேல் புத்திரர் அதற்குத் தூபங்காட்டி வந்தார்களாம். அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்திருக்கும் எங்களைப் பார்த்து, "அந்தச் சர்ப்பத்தைச் செய்யச் சொன்னது யார்?" என்று அப்பா கேட்பார். கடவுள் என்று நாங்கள் சொல்லுவோம். "அதைப் பார்த்தவர்கள் என்ன ஆனார்கள்?" பிழைத்தார்கள் என்போம். எண்ணாகமத்திலே கடித்த பாம்புகளின் விஷத்துக்கு மருந்தாகக் கடவுளே கற்பித்துச் செய்வித்த பொருள், பல நூற்றாண்டுகள் கழித்து, அவர் வீற்றிருக்க வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொண்டது. அந்நிய தேசத்திலிருந்து வந்த பாகால் என்னும் தெய்வத்தை அடையாளம் காண்பது எளிது. நன்றியறிதலோடு பாதுகாத்துவந்த ஒரு பொருள் எந்த நாளில் விக்கிரகமாயிற்று என்பதை அந்த ஜனங்களில் ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

நான் எழுத நினைப்பது இந்த ஒன்றைத்தான். கிறிஸ்தவனுடைய வீட்டில் புகும் விக்கிரகம் பெரும்பாலும் கடவுள் கொடுத்த ஈவிலிருந்தே வார்க்கப்படுகிறது. ஆகையால் அதை இனங்காண்பது கஷ்டம். உடைக்கச் சொன்னால் மனம் நோகும். உடைக்கிறவனைத் தெய்வநிந்தை செய்தவனாக எண்ணத் தோன்றும்.

எங்கள் தாத்தாவுக்கு ஒரு பெரிய வேதாகமம் இருந்தது. தோல் அட்டை, கனத்த தாள், ஒரு சிறுவனால் தனியே தூக்க முடியாத பாரம். அதைத் தேக்குப் பெட்டியிலே வேஷ்டியில் சுற்றி வைத்திருப்பார். எப்போதோ ஒரு காலத்தில், காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்த ஒரு குழந்தையின் தலைமாட்டில் யாரோ அதை வைக்க, அன்றிரவே குழந்தைக்கு வேர்த்துக் காய்ச்சல் விட்டதாம். அதுமுதல் தெருவில் யாருக்கு நோய் கண்டாலும் அந்தப் புத்தகத்தைக் கேட்டு ஆள் வரும். தாத்தாவும் மறுக்காமல் கொடுத்து அனுப்புவார். வேஷ்டி முடிச்சை அவிழ்க்காமலே அது போகும்; அவிழ்க்காமலே திரும்பி வரும்.

தாத்தா காலமான பிறகு, ஒரு மழைக்கால இரவில், அடுத்த தெருவிலிருந்து ஒரு தாய் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "அண்ணாச்சி, அந்தப் பெரிய வேதத்தைக் கொஞ்சம் தாங்க. பிள்ளை கண்ணு திறக்க மாட்டேங்கு. தலைமாட்டுல வைக்கணும்" என்று வாசற்படியில் நின்றே கேட்டாள். அப்பா அவளைக் கடிந்துகொள்ளவில்லை. "வேதத்தை நானே எடுத்துட்டு வாரேன், தாயி. நீ போயி பிள்ளை பக்கத்துல இரு" என்று அனுப்பிவிட்டு, பெட்டியைத் திறந்து வேஷ்டியைப் பிரித்துப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு, புத்தகத்தை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு புறப்பட்டார். விளக்குப் பிடிக்க நான் கூடப் போனேன். அந்த வீட்டில் பாயருகே உட்கார்ந்து, மாற்கு சுவிசேஷத்திலிருந்து யவீருவின் மகளைப் பற்றிய பகுதியை, அந்தத் தாய்க்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும்படி நிதானமாக வாசித்தார், சுருக்கமாக ஜெபித்தார், பின்பு குழந்தையின் வயிற்றிலும் நெற்றியிலும் கையை வைத்துப் பார்த்துவிட்டு, வண்டி வைத்திருந்தவரை எழுப்பி மாட்டைப் பூட்டச் சொன்னார். நாசரேத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவர்களோடு தாமும் போய், மறுநாள் மத்தியானத்துக்கு மேல் நடந்தே திரும்பினார். குழந்தை பிழைத்துக்கொண்டது.

அத்துடன் அந்தப் புத்தகம் பெட்டிக்குத் திரும்பவில்லை. அப்பா அதைத் திண்ணை மேஜையின்மேல் திறந்தே வைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்களை அழைத்து உட்காரவைத்து, ஆளுக்கு ஓர் அதிகாரமாக உரக்க வாசிக்கச் செய்தார். பதனீர் குடித்த பிசுபிசுப்போடு எத்தனையோ விரல்கள் அந்தத் தாள்களைப் புரட்டின. சங்கீதப் பகுதி தையல் விட்டுத் தனியே வந்தது. ஆதியாகமத்தின் முதல் தாள்கள் ஓரம் கிழிந்தன. என் பாட்டியாகிய ஆச்சிக்கு இதில் மிகுந்த வருத்தம். தாத்தாவின் பொருளை இப்படிப் பாழாக்குகிறானே என்று அழுதாள். சில ஆண்டுகள் சென்றபின், அந்தப் புத்தகத்தைத் தலைமாட்டுக்குக் கேட்டு ஒருவரும் வரவில்லை; ஆனால் ஊரில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெருகியிருந்தார்கள், அவர்களில் சிலர் நோயாளிகளின் வீட்டுக்குப் போய்த் தாங்களே வாசித்தார்கள். மோசேயின் சர்ப்பத்தை எசேக்கியா உடைத்தான். வேதபுத்தகத்தை உடைக்க முடியாது, உடைக்கவும் கூடாது. அதை ஓயாமல் வாசிப்பதே அதற்குத் தூபங்காட்டுவதைத் தடுக்கும் வழி என்று அப்பா கண்டுகொண்டிருந்தார். இதை அவர் எவருக்கும் விளக்கிச் சொன்னதில்லை.

ஆச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பொருளாசையும் விக்கிரகாராதனையே என்று பவுல் அப்போஸ்தலர் கொலோசெயருக்கு எழுதியதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவளுடைய கைதான் ஞாபகத்துக்கு வருகிறது. 1952-இல் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கும் வரையில், அளந்து கொடுத்த அரிசியைக் கொண்டு ஒரு கூட்டுக் குடும்பத்தை நடத்துவது எத்தகைய பிரயாசம் என்பதை இக்காலத்தார் அறியமாட்டார்கள். உலையிலே அரிசி போடுவதற்கு முன் ஆச்சி வலது கையால் ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையிலிருந்த மண் கலயத்தில் போடுவாள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கலயம் சபைக் கோயிலுக்குப் போகும். கைப்பிடி அரிசி என்று இதற்குப் பெயர். எங்கள் பக்கத்துச் சபைகளில் எத்தனையோ உபதேசியார்களின் ஜீவனம் இந்தப் பிடி அரிசியால் நடந்தது. 1903-ஆம் ஆண்டில் வேதநாயகம் அசரியாவும் அவருடைய நண்பர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஸ்தாபித்து, அந்நியர் பணத்தை நம்பாமல் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பியபோது, அவர்களுக்குப் பின்பலமாக நின்றவர்கள் இத்தகைய எளிய சனங்களே.

நான் கவனித்தது அந்தப் பிடியின் முறையை. அரிசி பானையில் நிறைய இருக்கும் நாளிலும் அதே பிடி. அரிசியோடு கம்பையும் சோளத்தையும் கலந்து ஒப்பேற்றிய நாளிலும் அதே பிடி. குடும்பத்துக்கென்று அளப்பதற்கு முன்னரே அது எடுக்கப்பட்டுவிடும். மீந்ததிலிருந்து எடுப்பது என்ற பேச்சே கிடையாது. இன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது என்று அம்மா கவலையோடு சொன்னால், "இருக்கிறதுல இருந்துதானம்மா எடுக்க முடியும்" என்பாள் ஆச்சி. பெரியப்பாவும் இந்த வழியிலே வந்தவர்தாம். பாளை அருவாளும் கலயமுமாய் நாளுக்கு இருமுறை பனையேறி, அந்தப் பருவத்தின் சில மாத உழைப்பிலே ஓராண்டுப் பாட்டைத் தேட வேண்டிய நிலையிலும், நன்றாகச் சுரக்கும் பனை ஒன்றைத் தெரிந்து, அது கோயில் பனை என்று விட்டிருந்தார். அதன் பதனீரைத் தனியே காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டி, அறுப்பின் பண்டிகைக்கு ஓலைக்கொட்டானில் போகும். 1529-இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய பெரிய ஞானோபதேசத்திலே, மனிதன் எதன்மேல் தன் இருதயத்தைச் சார்த்தி நம்பிக்கை வைக்கிறானோ அதுவே மெய்யாக அவனுடைய தெய்வம் என்று கூறி, பணத்தையும் ஆஸ்தியையும் பூமியில் மிகச் சாதாரணமான விக்கிரகம் என்கிறார். ஆச்சியும் பெரியப்பாவும் லூத்தரை வாசித்தவர்கள் அல்லர். ஆயினும் அந்த விக்கிரகம் தங்கள் வீட்டில் கால் ஊன்றாதபடிக்குத் தினந்தோறும் அதன் காலடி மண்ணில் ஒரு பிடியை எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்தாற்போல் கோயிலைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அந்தக் கோபுரங்களை நான் அவ்வளவு நேசிக்கிறேன். மெய்ஞ்ஞானபுரத்துத் தூய பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி உயரம். ஜான் தாமஸ் ஐயர் கட்டிய அவ்வாலயம் 1847-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோபுரம் முற்றுப்பெற்றது 1868-இல். பனைமட்டைகள் உரசும் காட்டு வழியே நடந்து வருகிறவனுக்கு, ஊர் கண்ணில் படுமுன் அந்தக் கோபுரம் தெரியும். இடையன்குடியிலே கால்டுவெல் ஐயர் முப்பத்துமூன்று ஆண்டுகள் பிரயாசப்பட்டு எழுப்பி 1880-இல் பிரதிஷ்டை செய்த ஆலயத்தினுள் நுழைந்தால் குரல் தானே தாழ்ந்துவிடும். குடிசைகளில் வாழ்ந்த ஜனங்கள் தங்கள் கடவுளுக்கு இத்தகைய வீடுகளைக் கட்டினார்கள் என்பதை நினைக்கையில் என் நெஞ்சு நிறைகிறது. அவற்றைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் எருசலேம் தேவாலயத்தைக் கட்டச் செய்தவரும் கடவுளே. அதன் வாசலில் நின்றுதான் எரேமியா, கர்த்தரின் ஆலயம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அந்நியனையும் விதவையையும் ஒடுக்குகிறவர்களை எச்சரித்தார். எனக்குத் தெரிந்த ஒரு சபையில், சபை விருந்தாகிய அசனத்தின்போது முதல் பந்தியில் உட்காரும் உரிமை யாருக்கு என்பதில் இரண்டு குடும்பங்களுக்குள் மூண்ட வழக்கு நீதிமன்றம் வரை போய், அந்தத் தலைமுறை முழுதும் ஆலயத்தில் ஆண்களின் பக்கம் இரு கட்சியாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. இரு திறத்தாரும் கோயிலுக்காக உயிரையும் கொடுப்போம் என்றார்கள். அதை நான் நம்புகிறேன். சுவரிலே பதித்த சலவைக்கல்லில் தகப்பன் பெயர் எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பதற்காக, உடன்பிறந்தவர்கள் ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு மற்றவர் போகாததையும் கண்டேன். காணிக்கை கொடுத்தவன் தன் பெயரையும் கூடவே பீடத்தருகில் வைத்துவிடும் இந்த வழக்கம் இன்று மின்விசிறி இறக்கை வரைக்கும் வந்திருக்கிறது. இது எனக்குச் சிறிதும் சம்மதமில்லை.

பெயர் பொறித்த கல்லைப் பற்றிப் பேசும்போது டோனாவூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1950-களின் பிற்பகுதியில், நான் உயர்நிலைப் பள்ளியில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், அப்பா என்னை அங்கே அழைத்துப் போனார். மேற்குத் தொடர்ச்சி மலை மிக அருகிலே நிற்கும் ஊர் அது. பிரஷ்யா தேசத்துத் தோனா பிரபு கொடுத்த பொருளுதவியின் ஞாபகமாக ரேனியஸ் ஐயர் இட்ட பெயர் அதற்கு. அயர்லாந்திலிருந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்து, தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பிப் போகாமல், கோயில்களுக்கு விடப்பட்ட பெண்குழந்தைகளையும் பின்னர் ஆண்குழந்தைகளையும் எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951 ஜனவரியில் அங்கே காலமானார். 1931-இல் தவறி விழுந்ததிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அறையை விட்டு அதிகம் வெளிவர இயலாமல் இருந்தபோதும், அவருடைய புத்தகங்கள் மேல்நாடுகளில் பரவிப் பெரும் கீர்த்தியைத் தேடித் தந்திருந்தன. இவ்வளவு பிரசித்தி பெற்றவரின் கல்லறை எப்படியிருக்கும் என்று வழியெல்லாம் நான் கற்பனை செய்துகொண்டு போனேன்.

மரங்களுக்கு நடுவே அந்தத் தோட்டத்தில் கல்லறைக் கல் என்று ஒன்றும் இல்லை. தமக்குக் கல் நாட்டலாகாது என்று அம்மையார் சொல்லிவிட்டிருந்தார். ஆகவே அவர் வளர்த்த பிள்ளைகள், பறவைகள் நீர் அருந்தவும் குளிக்கவும் ஒரு தொட்டியை அவ்விடத்தில் வைத்து, அதில் அம்மா என்று மாத்திரம் பொறித்திருந்தார்கள். பிறந்த ஆண்டு இல்லை, இறந்த ஆண்டு இல்லை, செய்த ஊழியத்தின் பட்டியல் இல்லை. தொட்டியில் தண்ணீர் இருந்தது. அப்பா வெகுநேரம் அங்கே நின்றார். அம்மையாரைத் தெய்வமாக்கிவிட எத்தனையோ ஆயிரம் பேர் காத்திருந்தார்கள் என்றும், அந்தக் காரியத்தைத் தம் மரணத்துக்குப் பிறகும் நடக்கவொட்டாமல் அவர் தடுத்துப் போனார் என்றும் திரும்பும் வழியில் சொன்னார். ஊழியக்காரரின் படத்தை வீட்டு நடுக்கூடத்தில் கிறிஸ்துவின் படத்துக்கு நிகராக மாட்டியிருப்பதை இன்று எங்கே கண்டாலும் எனக்கு அந்தத் தொட்டி நினைவுக்கு வரும். லீஸ்திராவிலே தங்களுக்குப் பலியிட வந்த ஜனங்களைக் கண்டு பவுலும் பர்னபாவும் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. தம் படத்தை அச்சிட்டு வருஷந்தோறும் நாட்காட்டியாக அனுப்புகிற ஊழியர்கள் அந்தப் பதினான்காம் அதிகாரத்தை ஒருமுறை தங்கள் கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும்.

இனி, எல்லாவற்றிலும் பழையதும் எல்லாவற்றிலும் உறுதியுமான ஒரு விக்கிரகத்தைச் சொல்ல வேண்டும். 1833-ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன், சபைக்குள்ளே ஜாதி வித்தியாசம் முற்றிலும் ஒழிக்கப்பட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு நிருபம் விடுத்தார். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறவும் ஒரே பாயில் அமரவும் உடன்படாத அநேகர் தஞ்சாவூரிலும் சென்னையிலும் சபையை விட்டே வெளியேறினார்கள். கிறிஸ்துவை விடவும் துணிந்தார்கள், ஜாதியை விடத் துணியவில்லை. ஆகவே எது அவர்களுடைய தெய்வமாயிருந்தது என்பதில் சந்தேகமில்லை. பின்னர் 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று நூற்றாண்டுகளாகப் பிரிந்திருந்த மரபுகள் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை உண்டாயிற்று. உலகமே வியந்த ஐக்கியம் அது. அந்தச் சபையின் பெயரோடு ஜாதியின் பெயரையும் சேர்த்தெழுதி மணமகன் தேவை என்று செய்தித்தாளில் விளம்பரம் செய்யும் வழக்கம் இன்று வரை நிற்கவில்லை. இவ்விரண்டு பெயர்களும் ஒரே வரியில் அருகருகே நிற்பதைக் காண எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

என் தமக்கையின் கலியாணப் பேச்சு நடந்தபோது, வந்தவர்கள் முறைப்படி குடும்பத்தின் கிளையையும் வழியையும் விசாரித்தார்கள். எந்த ஐயர் காலத்தில் வேதத்துக்கு வந்தோம் என்பதைச் சொன்ன அப்பா, அதற்கு முன்னால் நாங்கள் யார் என்பதைச் சொல்ல மறுத்துவிட்டார். "ஞானஸ்நானத்துக்கு முந்தின கணக்கை நாங்க வச்சுக்கிறதில்லை" என்றார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அம்மா பல நாள் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. தமக்கைக்கு வயது ஏறிக்கொண்டு போயிற்று. உறவினர் பெரும் பழி சுமத்தினார்கள். பிற்பாடு வேலூர் மருத்துவமனையில் தாதியாக வேலை பார்க்கையில், அங்கே பணிபுரிந்த, வேறு மாவட்டத்துச் சபையைச் சேர்ந்த ஒருவரை அக்கா மணந்துகொண்டாள். இரு குடும்பத்தாரிலும் பாதிப் பேர் வரவில்லை. இவ்விதக் காரியத்தில் விக்கிரகத்தை உடைப்பவனுடைய கை மாத்திரம் காயப்படுவதில்லை, வீட்டிலுள்ள பெண்களும் சேர்ந்து காயப்படுகிறார்கள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அக்கா கொடுத்த விலை பெரியது. அப்பா செய்ததே சரியென்று அவள் இன்றைக்கும் சொல்லுகிறாள்; அப்படிச் சொல்ல அவளுக்கே அதிகாரம் உண்டு.

பிற்காலத்தில் நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் என் சிறுபிராயத்தில் எங்கள் ஊரில் கிடையாது. வேதவசனம் ஒன்றை ஆண்டு முழுவதும் தியானிப்பது நல்லதே. ஆனால் கையில் வந்த வசனம் கண்டிப்பாக இருக்கிறதே என்று அதைத் திரும்பத் தட்டில் போட்டு, ஆசீர்வாதமான வசனம் வரும் வரைக்கும் மறுபடி மறுபடி எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரசங்கியார் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய்க் குப்பியும் கைக்குட்டையும் பல வீடுகளில் இருக்கின்றன. யாக்கோபின் நிருபம் நோயாளிக்கு எண்ணெய் பூசச் சொல்லுகிறது. பவுலின் உருமால்கள் நோயாளிகளிடம் கொண்டுபோகப்பட்டதாகவும் எழுதியிருக்கிறது. எனவே இவையும் மோசே செய்த சர்ப்பங்களே. பிள்ளையின் வேதனையைப் பார்க்கச் சகியாமல் அந்தக் குப்பியைத் தேடுகிற தாயை நான் ஒருநாளும் கடிய மாட்டேன். அதற்கு விலை வைத்து விற்கிறவனைக் கடிவேன்.

கைபேசியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நான் பேச வேண்டியதில்லை. தீமையென்று தெரிந்தே கையில் வைத்திருப்பதைக் காட்டிலும், ஆசீர்வாதம் என்று பெயரிட்டு வைத்திருப்பதே நமக்கு அதிக மோசம் விளைவிக்கும். பிள்ளைகளை நினைத்துத்தான் இதைச் சொல்லுகிறேன். ஆசிரியனாக நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளின் நுழைவுச்சீட்டையும் பேனாவையும் பீடத்தில் வைத்து ஐயர் ஜெபிக்கிறார், அதில் தவறில்லை. ஒருமுறை, ஒழுங்காக ஆலயத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம், மருத்துவக் கல்லூரியில் மகனுக்கு இடம் கிடைக்காமற்போன ஆண்டிலிருந்து வருவதை நிறுத்திவிட்டது. கேட்கப் போனபோது, "இவ்வளவு ஜெபிச்சும் கைவிட்டுட்டாரே, சார்" என்று தகப்பனார் சொன்னார். மகன் பக்கத்து அறையில் இருந்தான். கதவு பாதி திறந்திருந்தது. தன் மதிப்பெண் எந்தப் பீடத்தில் பலியாகக் கேட்கப்பட்டது என்பதை அந்தப் பையன் அன்று அறிந்துகொண்டான். வாக்குத்தத்தத்தின் பிள்ளையாகிய ஈசாக்கையும் திரும்பக் கேட்ட கடவுள், பிள்ளையே தெய்வமாகிவிட்டானோ என்ற இந்த ஒன்றைத்தான் ஆபிரகாமிடம் சோதித்தார் என்று நினைக்கிறேன். பிள்ளை அவனுக்குத் திரும்பக் கிடைத்தான், அதன்பின் அவன் பிள்ளையாக மாத்திரம் இருந்தான்.

சேகர குருமார்களுக்கு ஒரு விண்ணப்பம். திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்குப் பத்துக் கற்பனைகளைக் கற்பிக்கையில், இரண்டாம் கற்பனையை மனப்பாடம் செய்வித்ததோடு நிறுத்திவிடாமல், எசேக்கியா உடைத்த சர்ப்பத்தின் சரித்திரத்தையும் ஒரு பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். சொன்னபின், உங்கள் வீட்டில் எதைப் பற்றிப் பேச எல்லாரும் பயப்படுகிறீர்கள் என்று அந்தப் பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்லும் பதிலுக்காக, பெற்றோர் எவரும் அவர்களைத் தண்டிக்காதபடிக்கும் பார்த்துக்கொள்ளுங்கள்.